நானூற்று முப்பத்தெட்டில் ஒன்று

மே 14

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணியின் முழங்கால் வலிதான், போ என்று சொன்னாலும் போகாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நேற்று நர்ஸம்மா வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். இன்று கொஞ்சம் பரவாயில்லை.

தேர்தலில் ஜெயித்துவிட்டோம்! பேப்பரில் பார்த்திருப்பாய். பேப்பரில் வராததை நான் சொல்கிறேன். நம் தெருச் சாவடியில் விழுந்த ஓட்டு நானூற்று முப்பத்தெட்டு. அதில் நமக்கு நானூற்று முப்பத்தேழு. எண்ணுகிற அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் எண்ணச் சொன்னாராம். மறுபடியும் அதேதான்.

சாயங்காலம், மறுபடியும் ஜெயித்த நம் உறுப்பினரே நம் கடைக்கு வந்துவிட்டார். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். வெளியே தெருவே கூடி நிற்கிறது. என் தோளில் கையைப் போட்டு, "ஒரு ஓட்டுகூடச் சிதறாதுன்னு சொன்னீங்க, ஏறக்குறைய காப்பாத்திட்டீங்க" என்றார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, அந்த ஒண்ணு யாருங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் கேட்டுவிட்டார் இல்லையா?

தெருக் குழுச் செயலாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறேன். என் தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்பதுவரைக்கும் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. வாயில் வைத்த இனிப்பு இனிக்கவில்லையடா.

நம் பாப்பாவின் டீச்சர் வேலை விஷயம் உறுப்பினர் காதில் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு அவர் அனுப்பும் பட்டியலில் இப்போது மூன்றாவது பெயர்.

ராத்திரி முழுக்க ரயிலில் நின்றபடி வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிப் போனாயே, அதைத் தெருவில் எல்லாரும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்கிறார் லாண்டரிக்காரர். எனக்குப் பெருமைதான். உடம்பைப் பார்த்துக்கொள். லிஃப்ட் ரிப்பேருக்கு உள்ளே இறங்கும்போது பெல்ட்டை மாட்டிக்கொள், சோம்பல் படாதே.

உன்
அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வெற்றி உங்கள் உழைப்பு. மூன்று மாதமாகக் கடையையும் பார்க்காமல் அலைந்தீர்களே, அதற்குக் கிடைத்தது.

இங்கே வேலை அதிகம். போன வாரம் ஒன்பதாவது மாடியில் ஒரு பெரியவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். நான் மேலேயிருந்து இறங்கிக் கதவைத் திறக்க நாற்பது நிமிஷம் ஆனது. உள்ளே பயந்துபோய்க் கிடப்பார் என்று பார்த்தால், தரையில் துண்டை விரித்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பினதற்கு என்னிடம் கோபம் வேறு.

அந்த ஒரு ஓட்டைப் பற்றி ஏன் மனதை அலட்டிக்கொள்கிறீர்கள்? கண் தெரியாதவர் யாராவது தப்பான இடத்தில் முத்திரை குத்தியிருப்பார். நானூற்று முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள். அந்த ஒன்றை விட்டுவிடுங்கள், அண்ணா.

பாப்பாவுக்கு வேலை கிடைத்தால் சித்தப்பாவுக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும்.

அன்புடன்,
தம்பி


மே 29

அன்புத் தம்பிக்கு,

கண் தெரியாதவர் குத்தியது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்த நம் ஆள் சொல்கிறான், முத்திரை கட்டத்துக்குள் நட்டநடுவில் அச்சடித்தது மாதிரி விழுந்திருக்கிறதாம். தெரியாமல் குத்தினது இல்லை. தெரிந்தே, நிதானமாகக் குத்தினது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம் போட்டோம். ஐந்தாம் வகுப்புப் பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடிக்கிறது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. டிராயிங் மாஸ்டர் எழுந்து, "நான் இல்லப்பா" என்றார். ஆளாளுக்கு எழுந்து "நான் இல்ல, நான் இல்ல" என்றார்கள். ஒரு கட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அந்த ஒரு ஓட்டு உள்ளே புகுந்து தெருவையே பிரித்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் நர்ஸ் விஷயம் வெளியே வந்தது. ஓட்டுப்பதிவு அன்று கடைசியாக வந்தவள் அவள். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். வாசலில் நின்ற பெண்கள் விளையாட்டுக்கு, "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவள், "அதை வெளியே வந்து சொல்றதுக்கா உள்ளே திரை கட்டி வச்சிருக்காங்க?" என்றாளாம். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். இப்போது யோசித்துப் பார். நமக்குப் போட்டவள் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே?

கூப்பிட்டு விசாரித்தோம். மரியாதையாகத்தான். "உங்களுக்குத்தான் போட்டேன், என் பொண்ணு மேல சத்தியம்" என்று சொன்னாள். அழுதாள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

யாரும் கைவைக்கக் கூடாது, ஒரு சுடுசொல் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாம் முரடர்கள் இல்லை. பேச வேண்டாம். ஊசி போடக் கூப்பிட வேண்டாம். எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் முடிவு. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சி. ஜுரம் விட்டது மாதிரி.

உன் அண்ணி ஊசிக்கு இப்போது பஸ்ஸில் போய் வருகிறாள். கொஞ்சம் சிரமம்தான்.

உன்
அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

அண்ணா, அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினது யார்? நாம் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றோம். அவர்தான் உள்ளே இருந்தார். "உங்க அம்மா இன்னிக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போவாரே, நினைவிருக்கிறதா?

அவர் வாய்த்துடுக்காகப் பேசுகிறவர். அது ஒரு குற்றமா? சத்தியம் செய்கிறார் என்றால் நம்பக் கூடாதா? ஒரு ஆதாரமும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளையை, அதுவும் பள்ளிக்கூடம் போகிற மகளோடு தனியாக இருப்பவரை, இப்படி ஒதுக்குவது நியாயம் இல்லை. வேறு யாராகவும் இருக்கலாமே. யாராகவும் இருக்கலாம்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தெரு கேட்கும். சொல்லுங்கள், அண்ணா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

உனக்குச் சின்ன வயதிலிருந்தே இளகின மனசு. கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்கமாட்டாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தெரு என்பது ஒரு குடும்பம். குடும்பத்துக்குள் இருந்துகொண்டு குழி பறிக்கிறவளுக்காக நீ பரிந்து பேசினது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தாள், உண்மைதான். அதற்காக நாம் நன்றி சொன்னோம். அதோடு தீர்ந்தது.

அவள் வேலை பார்த்த கிளினிக்கில் டாக்டர் அவளை நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் போய்ச் சொல்லவில்லை. அவள் ஷிப்டில் நோயாளிகளே வருவதில்லை, காத்திருக்கிற பெஞ்சு காலியாகவே கிடந்தது. டாக்டரும் மனிதர்தானே, பார்த்தார், புரிந்துகொண்டார். லாண்டரிக்காரர் மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள், உனக்குத் தெரியும். அடுத்த மாசம் முதல் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பாவம், சொல்வதற்கு அவருக்கு நாக்கு வரவில்லை. பத்து வருஷப் பழக்கம். நான்தான் கூடப் போய் நின்றேன். அவர் அம்மா மட்டும், அந்தக் கிழவி, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு "அவ போனா எனக்கு பிரஷர் யாருடா பார்ப்பா?" என்று கத்தினது. வயசானவர்களுக்கு அரசியல் எங்கே புரிகிறது!

ஒரு வேடிக்கை கேள். தெருப் பிள்ளைகள் நர்ஸ் மகளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "ஒண்ணு". அவள் தெருமுனையில் திரும்பினாலே, "ஒண்ணு வருது, ஒண்ணு வருது" என்று ஒரே கூச்சல். வகுப்பில் அவள் பெஞ்சில் யாரும் உட்காருவது இல்லையாம். பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் கூப்பிட்டு, "அப்படிச் சொல்லக் கூடாதுடா" என்று கண்டித்தேன். கல் கில் எறியவில்லை. நம் தெரு நாகரிகமான தெரு.

நல்ல செய்தி: பாப்பாவின் பெயர் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. உறுப்பினருக்கு நம் தெரு எடுத்த முடிவெல்லாம் எட்டியிருக்கிறது. "உங்க ஏரியாவை நல்லா வச்சிருக்கீங்க" என்று ஆள் விட்டுச் சொன்னார்.

பதில் போடு.

உன்
அண்ணன்


ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

நான் எழுதி மூன்று வாரமாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது.

இங்கே ஒரு துக்கம். லாண்டரிக்காரரின் அம்மா போன வியாழக்கிழமை காலமாகிவிட்டார். காலை பதினோரு மணி இருக்கும். துணி பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மகன் பதறிப்போய் நம் கடைக்கு ஓடி வந்தார். நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வர ஐம்பது நிமிஷம் ஆக்கிவிட்டார்கள். இதைப் பற்றி உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகிறேன், சும்மா விடுவதாக இல்லை.

நடுவில் ஒரு காரியம் நடந்தது. சத்தம் கேட்டு நர்ஸ் மாடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள். தெரு முழுக்க வாசலில் நிற்கிறது. லாண்டரிக்காரர் கதவில் கையை வைத்துக்கொண்டு, "நீங்க வேணாம்மா" என்றார். அவள், "ஒரு நிமிஷம் பாக்க விடுங்க, எழுந்து நடக்கட்டும், அப்புறம் என்னைத் திட்டுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. சத்தியமாக நான் வாயைத் திறக்கவே இல்லை. அவர் கையை எடுக்கவில்லை. நர்ஸ் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வருகிறவரை அங்கேயே இருந்தாள். உள்ளே கிழவியின் மூச்சு வாசல்வரை கேட்டது.

ஆயுசு அவ்வளவுதான். யார் வந்தாலும் நடந்திருக்கும். அதற்கப்புறம் லாண்டரிக்காரர் யாரோடும் பேசுவதில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

பதில் எழுது. உன் அண்ணி கவலைப்படுகிறாள்.

உன்
அண்ணன்


ஜூலை 29

அண்ணா,

அந்த ஓட்டைப் போட்டது நான்.

இந்த ஒரு வரியை எழுத இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது. எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டேன். பாப்பாவின் வேலை போய்விடும் என்று ஒரு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் தலை குனிந்துவிடும் என்று ஒரு நாள். தானாக ஆறிவிடும் என்று ஒரு நாள். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டேனே, அதே பயம். அப்போது பூனைக்குத்தான் அடி விழுந்தது.

ஏன் போட்டேன் என்று கேட்பீர்கள். என்னோடு வேலை பார்த்த வெல்டர் போன வருஷம் லிஃப்டோடு விழுந்து இறந்தான். அந்தக் கட்டடத்து ஒப்பந்தக்காரர் நம் உறுப்பினரின் மச்சான். பழைய கயிற்றை மாற்றச் சொல்லி நாங்கள் நான்கு தடவை எழுதிக் கொடுத்திருந்தோம். மச்சானுக்காக விசாரணைக்கு வந்த உறுப்பினர், அவன் மனைவிக்கு எதிரிலேயே, "குடிச்சிட்டு வேலை பார்த்தா இப்படித்தான்" என்றார். அவன் குடிக்கவே மாட்டான், அண்ணா. அவன் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னால் சீட்டைப் பிரித்தபோது எனக்கு அந்த முகம்தான் தெரிந்தது. அவரை எதிர்த்து நின்ற பள்ளிக்கூட வாத்தியார் ஜெயிக்கமாட்டார் என்று தெரியும். தெரிந்தேதான் குத்தினேன். நிதானமாகத்தான் குத்தினேன்.

அதைக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைக்கவில்லை. கண்டுபிடிக்காமலே ஒருவரைத் தண்டிப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படியுங்கள். நர்ஸம்மா உங்களுக்குத்தான் போட்டார். எதிராக விழுந்தது ஒன்றுதான், அது என்னுடையது. அவரை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். முதல் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. டாக்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 8

தம்பி,

கடிதம் முப்பத்தோராம் தேதியே வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். உன் அண்ணிக்குத் தெரியாது. பாப்பாவுக்கும் தெரியாது.

எனக்குப் புதிதாக ஒன்றும் நீ சொல்லிவிடவில்லை. உன்னை வளர்த்தவன் நான். சாவடியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்து நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாதா? உன் வெல்டர் செத்தபோது நீ எழுதின கடிதமும் என்னிடம் இருந்தது. அதையும் இப்போது அடுப்பில் போட்டாயிற்று. எண்ணிக்கை வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் நடந்ததை உனக்கு முழுதாக எழுதவில்லை. முதலில் எழுந்தது நர்ஸ் பெயர் இல்லை. டிராயிங் மாஸ்டர், "வெளியூர்ல இருந்து வந்தவங்களையும் கணக்குல எடுக்கணும் இல்லையா?" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. அப்போது நான்தான் எழுந்தேன். நர்ஸ் திரையைப் பற்றிப் பேசினதை நினைவுபடுத்தினது நான்தான். அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அவள் சொல்வது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே கண்ணீரைப் பார்த்து நான் ஏமாந்தேன் என்று நினைக்காதே.

யாராவது ஒருத்தரைக் கொடுத்தால்தான் அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் யாரைக் கொடுப்பேன், சொல்? அம்மா சாகும்போது என் கையில் உன் கையை வைத்துவிட்டுப் போனாள். நர்ஸின் கையை வைக்கவில்லை.

இப்போது நியாயம் பேசுகிறாய். நல்லது. மே மாதம் ஒரு வரி எழுதியிருந்தால் அவளுக்கு வேலை போயிருக்காது. ஜூனில் எழுதியிருந்தால் வீடு போயிருக்காது. உனக்கு ஒவ்வொன்றையும் விடாமல் எழுதினேனே, எதற்கு என்று நினைத்தாய்? நீ எப்போது வாயைத் திறக்கிறாய் என்று பார்க்கத்தான். நீ திறக்கவில்லை. திறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தாய், அண்ணன் பார்த்துக்கொண்டான். இதை நான் தனியாகச் செய்யவில்லை, தம்பி. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம்.

பதினாறாம் தேதி பாப்பாவை வேலையில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். உன் ஆசீர்வாதத்தை அனுப்பு. வேறு எதையும் எழுதாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அண்ணா,

பதினாறாம் தேதி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், தெருவில் இருக்கமாட்டீர்கள். தெரிந்துதான் அன்றைக்கு வந்தேன். உங்கள் முகத்துக்கு எதிரே சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் இல்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லாண்டரிக்கு மேலே பூட்டுத் தொங்கியது. டீக்கடைப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், டிராயிங் மாஸ்டரும் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "அந்த ஓட்டு என்னோடது. நர்ஸம்மா போட்டது இல்ல." இரண்டு தடவை சொன்னேன். முதலில் யாரோ சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "தம்பிக்கு அந்த நாள்ல இருந்தே இளகின மனசு" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "இவருக்கு எதுக்கு அவ மேல இவ்வளவு அக்கறை? உள்ளே ஏதோ விஷயம் இருக்குமோ?" என்றது. அவ்வளவுதான், எல்லாருக்கும் பேச ஒன்று கிடைத்துவிட்டது. நான் வாயைத் திறந்ததில் நர்ஸம்மாவுக்கு மிச்சமிருந்த பெயரும் போயிற்று.

நம்பாமல் இல்லை, அண்ணா. அவர்கள் நம்பினார்கள். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நம்பினதால்தான் அப்படிச் சொன்னார்கள்.

லாண்டரிக்காரர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். தேய்த்து அடுக்கிய துணிக்கு நடுவில் நிற்கிறோம், ஒரே வெக்கை. "தம்பி, அப்படிச் சொல்லாதீங்க. அவதான் போட்டா. அவ போட்டதாலதான் நான் கதவை மறிச்சு நின்னேன். அவ போடலைன்னா எங்கம்மா எதுக்குச் செத்தாங்க? சொல்லுங்க. அவ போடலைன்னா நான் யாரு?" என்றார். என் மணிக்கட்டை அவர் விடவே இல்லை. நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. "நீங்க இல்லைன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க."

சொன்னேன், அண்ணா. "நான் இல்ல, அவங்கதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். டீக்கடையைத் தாண்டும்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை. மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

எனக்கு நர்ஸம்மாவின் முகவரி வேண்டும். தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவருக்கு மட்டுமாவது நான் எழுத வேண்டும். முகவரியை அனுப்புங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

தம்பி


செப்டம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். பாப்பா வேலைக்குப் போய்வருகிறாள். முதல் நாளே பிள்ளைகள் அவளோடு ஒட்டிக்கொண்டார்களாம். உன் அண்ணியின் முழங்கால் இப்போது பரவாயில்லை, வேறொரு டாக்டரைப் பார்க்கிறோம்.

நீ கேட்ட முகவரி என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். நீ அவளுக்கு எழுதி உன் மனசை இறக்கி வைத்துவிடுவாய். அதைச் சுமந்துகொண்டு அவள் இன்னொரு தெருவுக்குப் போகவேண்டி வரும். அவள் மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் இல்லை. விட்டுவிடு.

லாண்டரிக்காரர் என்னிடம் வந்தார். நீ வந்ததையும் பேசினதையும் சொன்னார். "கடைசியில தம்பி ஒத்துக்கிட்டார்ண்ணே" என்றார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடினது மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிறகு தொழிலைப் பார்க்கிறார். அவருக்கு நீ ஒரு நல்லது செய்திருக்கிறாய், அதை மறுக்கவில்லை.

வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கிறது. நர்ஸ் பெயரை எடுத்தாயிற்று. கூடவே உன் பெயரையும் எடுத்துவிட்டேன். நீ வேலை பார்க்கிற ஊரிலேயே பதிந்துகொள். அங்கே உனக்குப் பிடித்தவருக்குப் போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. "இந்த வீட்டைச் சேர்ந்தவர் இல்லை" என்று எழுதினேன். கீழே உன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். நானே போட்டுவிட்டேன்.

உன் அறையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நோட்டுத் திருத்த ஓர் இடம் வேண்டியிருந்தது. உன் துணிமணிகளைக் கட்டி ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். ரசீது இதோடு இருக்கிறது. பத்து நாளைக்குள் எடுத்துக்கொள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

அங்கே மழையும் குளிருமாக இருக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். கம்பளியும் வைத்திருக்கிறேன். போர்த்திக்கொள்.

அண்ணன்